ஜெயசீலி ஊதிய விசில்

மில் தொழிலாளர் குடும்பங்களுக்கு விளையாட்டு நடத்தும் வேலைக்காக ஜெயசீலி பயிற்சியில் சேர்ந்தபோது, அவள் அம்மா லூசியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏட்டி, வெளாடுததுக்கா ஒரு படிப்பு? சின்னப்புள்ளையில வெளாடி எங்கிட்ட வாங்குன அடி பத்தாதா?"

"அது சும்மா வெளாட்டும்மா. இது முறையா வெளாடுதது."

மாஹிம் தொழிலாளர் நல மையத்தில் வகுப்பு. நடத்தியவர் மாட்டுங்காவிலிருந்து வரும் விசாலாக்ஷி டீச்சர். மடிப்புக் கலையாத புடவை, சிரித்துப் பழகாத முகம். "விசில் தயங்கினா கூட்டம் கைவிட்டுப் போயிடும்" என்று ஆளுக்கொரு விசில் கொடுத்து, வீட்டில் பழகிவரச் சொன்னார்.

ஜெயசீலி அன்று சாயங்காலமே தாராவி வீட்டு வாசலில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினாள். சந்தே கதிகலங்கிற்று. மதுவிலக்குக் காலம் அது. போலீஸ் வந்துவிட்டதென்று நினைத்த பக்கத்து வீட்டுத் தங்கசாமி, காய்ச்சி வைத்திருந்த சாராயத்தையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கமாக ஓட்டம் பிடித்தான். சாக்கடையோரம் மேய்ந்த கோழிகள் சற்று நேரத்தில் கோணல் நடை போட்டன.

மறுநாள் முறையிட வந்தவனுக்கு, போனது இன்னதென்று சொல்ல வாய் வரவில்லை. "அந்த... தண்ணி... கொட்டிப்போச்சு. இனிமே ஊதாத தாயி" என்று கும்பிட்டான். லூசியம்மாள் விசிலைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். அன்றிலிருந்து கைதட்டியும் கத்தியும்தான் ஜெயசீலி பழகினாள்.

பரீட்சையன்று, விளையாட வைத்துக் காட்டுவதற்காக ஆண்டாப் ஹில்லிலிருந்து வரவழைத்த மில் குடும்பத்துப் பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். வகுப்பில் மற்றவர்கள் ஊதிய விசிலுக்கு ஒருத்தியும் அசையவில்லை.

"உன் விசில் எங்கே?" என்றார் டீச்சர், ஜெயசீலியின் முறை வந்ததும்.

"வீட்ல பறிமுதல் ஆயிட்டு டீச்சர்."

சுவரோரம் லேசாகச் சிரிப்புக் கிளம்பியது. அதை விடாமல் ஜெயசீலி கைதட்டினாள். "யக்கா, எந்திங்க! கண்ணாமூச்சி. மொதல்ல டீச்சருக்குத்தான் கண்ணக் கட்டப்போறோம்!"

டீச்சர் மறுப்பதற்குள் துணி கண்ணில் ஏறிவிட்டது. சுவரோரம் மூட்டுவலி என்று முனகிக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் எல்லாருக்கும் முன்னால் துள்ளி ஓடினாள். டீச்சர் தட்டுத்தடுமாறிப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்து, "அகப்பட்டுண்டியா!" என்று கூவியதும் கூடமே அதிர்ந்தது.

டீச்சரின் கண்கட்டை அவிழ்த்தார்கள். கொண்டை குலைந்திருந்தது.

"இன்னொரு ஆட்டம்" என்றார் விசாலாக்ஷி. "தூண் சேர்த்தி இல்லை."

ஆண்டாப் ஹில் மையத்திலேயே ஜெயசீலிக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வீடு திரும்பினவளிடம், "என்னட்டி செஞ்ச அங்க?" என்று கேட்டாள் லூசியம்மாள். மகளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஜெயசீலி பதிலுக்கு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து அடுப்படியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.