கயிறு எட்டாத தூரம்

மழைக்காலம் பிறந்துவிட்டால் மேவிஸுக்குச் சோறு இறங்காது. மராத்திக்காரர்கள் ஊரான தேஹு ரோட்டில், பவனா ஆற்றுக்குச் சற்று மேலே ஓடும் ஒரு சந்தில் அவள் வீடு. அணையில் தண்ணீர் திறக்கப்போவதாகப் போனில் செய்தி வந்தால் போதும், வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள். பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று கரும்பலகையில் அழகாகப் படம் போட்டுக் காட்டுவாள். ஆனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னால் மாட்டாள். நீச்சலும் தெரியாது.

"ஆத்தப் பாத்து ஏன் இப்படி நடுங்குத? அது பாட்டுக்குப் போகுது" என்று நார்மன் சிரிப்பான். அவள் கணவன், ராணுவக் கிடங்கில் சிவிலியன் உத்தியோகம். இரண்டு பேருடைய குடும்பமும் தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டையிலிருந்து வந்துவிட்டாலும், வீட்டுக்குள் பேச்சு இன்னும் திருநெல்வேலிப் பேச்சுதான்.

போன ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

அன்று சந்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு டெம்போக்காரன் வண்டியின் கூரைமேல் ஏறி நின்றான். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவில், ஒரு பள்ளிப் பேருந்தின் நீளத் தூரத்தில்தான் நின்றான். மாடியிலிருந்து ஆட்கள் கயிறு வீசினார்கள். ஒவ்வொரு முறையும் கயிறு அவன் கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்து அடித்துக்கொண்டு போயிற்று. தீயணைப்புப் படகு வேறெங்கோ மாட்டியிருந்தது. டெம்போ மெல்லச் சாய்ந்தது. அவன் "பாயி, தோரி! தோரி!" என்று கயிறு கேட்டுக் கத்தியது மேவிஸின் காதில் விழுந்தது. மறுநாள் பாலத்துக்குக் கீழே அவனை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் கயிறு விழுகிற சத்தம். ஒரு நாள் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆளு எறங்கினாத்தான ஆளு போவும்? கயித்தக் கொண்டுபோய்க் குடுக்க ஆளு எதுக்கு? ஒரு சாமான் போதும்லா."

அந்தச் சாமானைச் செய்யவும் பயந்து பயந்துதான் செய்தாள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, தார்ப்பாய் சுற்றி, பி.வி.சி. குழாயில் சட்டம் கட்டினாள். இரண்டு பக்கமும் காலி குளிர்பான பாட்டில்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தாப்கீர் கல்லிக்குப் போய் மோட்டார், பேட்டரி, ரிமோட் வாங்கி வந்தாள். சிக்னல் வாங்கும் கருவியைக் காற்றுப் புகாத டிபன் டப்பாவுக்குள் வைத்து, சந்துபொந்தெல்லாம் சிலிக்கான் பூசினாள். சால்டரிங் அயர்ன் சூடாகிப் புகைந்தாலே எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள். "இது ஷாக் அடிக்காதுல்லா? தீப்பிடிக்காதுல்லா?" நார்மன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் செய்த படகு கல்குவாரிக் குட்டையிலேயே தோற்றது. தண்ணீருக்கு அடியில் சுழன்ற விசிறியில் ஆகாயத்தாமரை வேர் சுற்றிக்கொண்டது. நார்மன் இடுப்பளவு இறங்கி அதை எடுத்துவருவதற்குள், கரையில் நின்ற மேவிஸ் கத்திய கத்தலில் லாரிக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஆறு நிறைய அதே ஆகாயத்தாமரைதான் என்பது அன்று உறைத்தது. விசிறிகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். டிரோனுக்குப் போடும் இரண்டு விசிறிகள், சுற்றிலும் பழைய டேபிள் ஃபேனின் கம்பிக்கூடு. இடது விசிறி வேகம் கூடினால் படகு வலதுபக்கம் திரும்பும். அவ்வளவுதான் சூத்திரம். மேலே ஆரஞ்சு பெயின்ட் அடித்தாள்.

இந்த ஜூலையில், விடாத மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு காலையில், ஆறு கீழ்வரிசை வீடுகளின் கொல்லைக்கு வந்துவிட்டது. எதிர்ச்சாரியில் ருக்மிணி மாமி தனியாக இருந்தாள். கணவர் ஊரின் மறுகோடியில், கராடியில் வேலைக்குப் போயிருந்தார். மாமிக்கு முழங்கால் மடங்காது.

"மாமியக் கூட்டிட்டு வந்திருதேன்" என்று நார்மன் கிளம்பினான். அப்போது சந்தில் கணுக்கால் தண்ணீர்தான்.

மாமி மருந்துப் பையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், மேல்முனையில் சுவர் ஏதோ இடிந்திருக்க வேண்டும். சந்து முழுக்கப் பழுப்பு வெள்ளம் ஒரே பாய்ச்சலாக வந்தது. மேவிஸ் கேட்டுக்கு ஓடிவந்து பார்த்தபோது, எதிர்வீட்டுக் குளியலறையின் சின்னக் காங்கிரீட் கூரைத் தளத்தின்மேல் நார்மன் மாமியைத் தூக்கி ஏற்றியிருந்தான். அவனும் ஏறி மாமியைக் கட்டிப் பிடித்திருந்தான். தளத்துக்குக் கீழே பழைய செங்கல் சுவர். தண்ணீர் அதில் மோதி மோதிச் சுழன்றது.

"வராத! நீ எறங்காத மேவிஸ்!"

அதே சந்து. அதே தூரம். மேவிஸ் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மேல்மாடி ஷீலா கூடவே ஓடிவந்து, "டீச்சர், போட்! உங்க போட்!" என்று உலுக்கினாள். பிறகுதான் உயிர் வந்தது.

இருவருமாகப் படகைத் தூக்கி வந்தார்கள். இரண்டு உயிர்காக்கும் ஜாக்கெட்டுகளை அதன்மேல் கட்டினாள். பின்னால் மெல்லிய நைலான் கயிறு. அதன் கடைசியில் தடித்த வடம். நைலானை ஷீலா பிடித்துக்கொண்டாள். மேவிஸ் படகை நேராக நார்மனைப் பார்த்து விட்டாள். பாதிகூடப் போகவில்லை, வெள்ளம் படகைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு பாலத்துப் பக்கம் இழுத்தது. ஷீலா இழுத்துக் கரைசேர்த்தாள். மேவிஸ் அழுதுகொண்டே, "மேலேருந்து விடணும். மேலே போயி விட்டாத்தான் அங்கன கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்றாள்.

வெள்ளம் வருகிற பக்கம் மேலே போவதென்றால் தண்ணீரில் இறங்க வேண்டும்.

காம்பவுண்டுச் சுவரின் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு இறங்கினாள். முழங்கால். தொடை. சில்லென்ற தண்ணீர் புடவையைச் சுற்றி இழுத்தது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதைத் தவிர வாயில் வேறு சொல் இல்லை. பாதத்துக்கடியில் ஏதோ வழுக்கி நகர்ந்தபோது கண் இருண்டுவிட்டது. இரண்டு வீடு தள்ளி ஒரு தூண் இருந்தது. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பின்னாலேயே வந்த ஷீலாவிடமிருந்து படகை வாங்கித் தண்ணீரில் வைத்தாள்.

இடுப்பில் செருகியிருந்த ரிமோட்டை எடுத்து முடுக்கினாள். படகு குறுக்கே போயிற்று, கூடவே கீழேயும் போயிற்று. ஆகாயத்தாமரைப் பாய் ஒன்று வந்து மோத, ஒரு விசிறி முனகி நின்றது. இன்னொன்றை முழு வேகத்தில் முடுக்கினாள். படகு தலையைத் திருப்பிச் சுழன்று தளத்தின் ஓரத்தில் இடித்தது. நார்மன் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். விரல் தொட்டது. நழுவியது. பிறகு பிடித்துவிட்டான்.

"மாமிக்கு முதல்ல போடுங்க!" என்று கத்தினாள்.

"முடியலைடா நார்மன், கை நடுங்கறது" என்று மாமி அழுதாள். அவளுக்கு ஜாக்கெட்டை மாட்டி, தனக்கும் மாட்டி, நைலானை இழுத்து வடத்தை வாங்கி இரண்டு பேர் இடுப்பிலும் நார்மன் கட்டினான். வடத்தின் இந்த முனையை ஷீலா தூணில் மூன்று சுற்றுச் சுற்றினாள். தீயணைப்பு வண்டிச் சத்தம் எங்கோ கேட்டது. அது வருகிறவரைக்கும் அப்படியே இருங்கள் என்று சொல்ல மேவிஸ் வாயைத் திறந்தாள்.

தளம் சரிந்தது.

இரண்டு தலைகளும் மறைந்தன. வடம் விறைத்தது. மேவிஸ் அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பிறகு ஆரஞ்சு நிறம் ஒன்று மேலே வந்தது, அதையடுத்து இன்னொன்றும். அக்கம்பக்கத்து வீட்டு ஆண்கள் குதித்து ஓடிவந்து வடத்தைப் பிடித்தார்கள். வெள்ளம் இருவரையும் அரைவட்டமாகச் சுழற்றி இந்தப் பக்கச் சுவரோரம் கொண்டுவந்து போட்டது. மாமிக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. நார்மன் நெற்றியில் ரத்தம். இருவரும் மூச்சு விட்டார்கள்.

ரப்பர் படகோடு வந்த தீயணைப்பு வீரர் வடத்தையும், அறுந்து தொங்கிய நைலானையும் பார்த்துவிட்டு, "ஹே கோணீ கேலம்?" என்று கேட்டார். யார் செய்தது? மேவிஸுக்குக் குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. ஷீலாதான் அவளைக் காட்டினாள். படகை அதற்குள் ஆறு கொண்டுபோய்விட்டது.

ருக்மிணி மாமி இப்போது கோந்த்வாவில், மகள் அம்ருதாவின் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறாள். கொஞ்சம் தூறல் விழுந்தாலே போன் வரும்: "மேவிஸ், தண்ணி எங்க வரைக்கும் வந்துருக்கு? நார்மன் ஆத்துலதான இருக்கான்?"

வீட்டில்தான் இருக்கிறான் என்பாள் மேவிஸ். புதிதாக இரண்டு படகுகள் செய்துவிட்டாள். இந்த முறை விசிறிக்கு முன்னால் இன்னும் நெருக்கமான வலை. ஷீலாவும் ஓட்டப் பழகிவிட்டாள். தண்ணீரில் இறங்கி நின்றவளாயிற்றே, இனி உனக்கு என்ன பயம் என்று பள்ளியில் கேட்கிறார்கள். மேகம் கறுத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. வேர்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேட்டரியைச் சார்ஜில் போடுகிறாள்.