கோட்டுக்குக் கீழே கையெழுத்து

என் பதிகப் புத்தகத்துக்குள் மரத்தால் ஆன ஓர் அடிக்கோல் இருக்கிறது. பார்வை மங்கிய பிறகு, வரிக்குக் கீழே அதை வைத்துக்கொண்டுதான் காலையில் பாடுகிறேன். ஒரு வரி முடிந்ததும் கோலைச் சற்றுக் கீழே இழுப்பேன். அதன் ஒரு முனையில் எண்கள் தேய்ந்துவிட்டன. ஓரம் முழுவதும் நீல மசிக் கறை. அந்தக் கறை என் கைபட்டு வந்ததன்று. ஊரார் ‘கேட்டு பாய்’ என்று அழைத்த ஒருவர் காலமெல்லாம் கோடு கிழித்ததால் வந்தது.

மொரப்பூர்ப் பக்கத்தில் ரயில்வே கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளிக்கிழமை பகலில் சைக்கிளில் பள்ளிவாசலுக்குப் போவார். கோயில் வாசலில் நான் பாடிக்கொண்டிருந்தால் மணியடிக்காமல் கடந்து போவார். எங்களுக்குள் அதிகப் பேச்சு கிடையாது. ஆனால் அவருடைய வேலை முறையைப் பற்றி ஊரே அறியும். நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொல்வதை முதலில் புத்தகத்தில் எழுதுவார். எழுதியதை உரக்கத் திருப்பிப் படிப்பார். பிறகு, எவரும் நடுவில் ஒரு சொல்லைச் செருகிவிடாதபடி அடியில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே கையெழுத்திடுவார். கேட்டின் இருபுறமும் எத்தனை வண்டிகள் நின்று ஒலியெழுப்பினாலும் இந்த ஒழுங்கு மாறாது.

எங்கள் ஊரின் சந்தைத் திடலில் வரிசையாகப் புளியமரங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் புளி ஏலம் போகும். அந்த வருமானத்தில்தான் தெருவிளக்கு எரிகிறது, தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. ஒருநாள் திட்ட அலுவலர்கள் வண்ணப் படத்தோடு வந்தார்கள். படத்தில் புளியமரங்கள் இல்லை. மாடிகள் கொண்ட வணிக வளாகமும் பேருந்து நிலையமும் இருந்தன. அதற்கு ஊராட்சியின் பெயரில் கடன். கடனை அடைக்க வீட்டுவரி கூடும். எங்களில் எவரும் அதைக் கேட்டதில்லை. பக்கத்து ஊரில் அப்படிக் கட்டிய கடைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றின் படிகளில் ஆடுகள் படுத்திருப்பதைப் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்ப்போம்.

இந்தத் திட்டம் ஊர் தலையில் விழுந்ததில் எனக்கும் பங்குண்டு. எங்கள் கிராம சபையில் ஒரு வழக்கம். உட்காரும் முன்பே பதிவேடு சுற்றிவரும். கையெழுத்திட்டால் தேநீரும் வடையும் கிடைக்கும். தீர்மானத்தைச் செயலர் பிற்பாடு எழுதிக்கொள்வார். முதல் கையெழுத்து என்னுடையதாகவே இருக்கும். “அய்யா மொதல்ல போடுங்க, ராசியான கையி” என்று ஊராட்சிச் செயலர் பேனாவை நீட்டுவார். அந்தக் குடியரசு நாளிலும் வெற்றுத்தாளின் அடியில் என் பெயரை எழுதினேன். மாதம் திரும்புவதற்குள் திடலில் சுண்ணாம்புக் கோடும் முளைக்குச்சியும் வந்தன. போய்க் கேட்டபோது பதிவேட்டைக் காட்டினார்கள். திடலை ஒப்படைக்கச் சபை ஒருமனதாகச் சம்மதித்ததாக எழுதியிருந்தது. அதன் கீழே முதல் பெயர் என்னுடையது.

அன்று மாலையே கேட்டு பாய் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “தப்பா நெனக்காதீங்கய்யா. கேட்டத் தொறந்து வுட்டுட்டு அப்பறமா ரயில் வருதான்னு பாத்திருக்கீங்க” என்றார். எனக்குச் சினம் வந்தது. அவர் போன பின் அது வெட்கமாக மாறியது. ஐம்பது ஆண்டுகளாகப் பதிகம் பாடுகிறவன் நான். பதிகத்தை இயற்றிய அடியார் தம் பெயரை அதன் கடைசிப் பாட்டில்தான் வைக்கிறார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, இது நான் சொன்னது என்று அங்கே நிற்கிறார். நாள்தோறும் நாவால் பாடிய ஒழுங்கைக் கை மறந்திருந்தது. முதலாவதாக அழைக்கப்படும் பெருமைக்கு அதை விற்றிருந்தேன்.

அடுத்த கிராம சபை மே தினத்தன்று. அதற்குள் நாங்கள் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். கொடி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வாருங்கள், உட்காருங்கள், தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்டும்வரை கையெழுத்திடாதீர்கள் என்பதொன்றே எங்கள் வேண்டுகோள். வளர்ச்சியைத் தடுக்கும் கிழவர்கள் என்று எங்களைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. இருப்பதைக் காப்பதும் ஒரு வேலைதான் என்பதை அலுவலகங்கள் அறிவதில்லை.

அன்று திடலில், புளியமர நிழலில் ஊரே அமர்ந்திருந்தது. திட்ட அலுவலர் நாற்காலியில் இருந்தார். பதிவேடு என்னிடம் வந்தது. திறந்து பார்த்தேன், வெற்றுத்தாள். கையெழுத்திடாமல் அடுத்தவரிடம் கொடுத்தேன். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். இப்படியே ஊர் முழுதும் சுற்றி, ஒரு கையெழுத்தும் இல்லாமல் அது செயலரிடம் திரும்பியது. வருகைக் கையெழுத்து இல்லையென்றால் சபை கூடியதாகவே கணக்கில்லை. செயலருக்கு வியர்த்தது. தேநீர் ஆறுகிறது என்று சொல்லிப் பார்த்தார். புளி உடைக்கும் பெண்களில் ஒருத்தி, “நாங்க வூட்லயே டீ குடிச்சிட்டு வந்துட்டமுங்க” என்றாள்.

“பாய், இது ரயில்வே இல்லீங்க” என்றார் செயலர், எரிச்சலோடு.

“தெரியுமுங்க. ரயில்வேயா இருந்தா இன்னேரம் உங்கள சஸ்பெண்டு பண்ணிருப்பாங்க.”

சிரிப்பு அடங்கியதும் பாய் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “எழுதுங்க. எழுதினதப் படிங்க. பொறவு போடறோம்.”

திட்ட அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் மரங்களைப் பார்த்தோம். வெயில் உச்சியைக் கடந்தது, ஒருவரும் எழவில்லை. நான் எழுந்து, சென்ற சபையின் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது, படிக்காமல் இட்டது, அதை இந்தச் சபையின் முன் திரும்பப் பெறுகிறேன் என்றேன். சொல் தடுமாறவில்லை. இறுதியில் செயலர் எழுதினார். திடல் ஊருடையது, மரங்கள் நிற்கும், கேட்காத கட்டடத்துக்கு ஊர் கடன்படாது. எழுதியதை என்னிடமே தந்தார்கள். கோயிலில் பாடும் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தேன். பாய் தம் சட்டைக்குள்ளிருந்து அடிக்கோலை எடுத்து, கடைசி வரியை ஒட்டிக் கோடு கிழித்தார். “இப்பப் போடுங்கய்யா. கடைசியா” என்றார். ஊரார் அனைவரும் இட்ட பிறகு, எல்லோருக்கும் கீழே என் பெயரை எழுதினேன். பல ஆண்டுகளில் அதுவே நான் மனமறிந்து இட்ட கையெழுத்து.

முளைக்குச்சிகளைத் திட்ட அலுவலர்களே பிடுங்கிச் சென்றார்கள். சென்ற ஆண்டு பாய் காலமானார். மூன்றாம் நாள் அவர் மகள் இந்த அடிக்கோலைக் கொண்டுவந்து, உங்களிடம் சேர்க்கச் சொன்னார் என்று கொடுத்தாள்.

இப்போது அதே வளாகம் வேறு பெயரில், வேறு வண்ணப் படத்தில் வந்திருக்கிறது. செயலரும் புதியவர். கிராம சபை அறிவிப்பை ஒட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். வயதான காலத்தில் நான் அலைய வேண்டாமாம். பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து விடுகிறாராம். நான் படித்துக்கொண்டிருந்த பாட்டின் கீழிருந்து அடிக்கோலை எடுத்தேன். சபைக்கு வருகிறேன் என்றேன். எழுதி வையுங்கள், படித்துக் காட்டுங்கள், இந்தக் கோல் கிழிக்கும் கோட்டுக்குக் கீழே எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் என்றேன். என் பெயர் இனிக் கடைசிப் பாட்டில்தான் வரும்.