கடைசியா எதை மாத்தினீங்க?

என் அண்ணி கணினி பழுது பார்ப்பவர். அவருடைய தொழில் ரகசியம் ஒரே ஒரு கேள்விதான்: "கடைசியா எதை மாத்தினீங்க?" யாரைக் கேட்டாலும் பதிலும் ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே செய்யலையே!" அதைக் கேட்டதும் அண்ணி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மெஷினை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் துணி துவைக்கும் மெஷின் கூடம் முழுக்கத் தண்ணீரைக் கக்கியது. என் அண்ணன் பரம சாதுவாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அண்ணி பின்பக்கக் குழாயைக் கழற்றிப் பார்த்தார். "இந்த வாஷரை யாரு மாத்தினது?" பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "லேசா ஒழுகுச்சு... அதான்..." அன்று அவன் வாங்கிய திட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்டார்கள். அதிலிருந்து அண்ணிக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று நான்தான் பெயர் வைத்தேன். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அப்பேர்ப்பட்டவரை நானே என் ஆபீசுக்கு அழைத்துப்போக வேண்டி வந்தது. வேறு வழியில்லை, வேலை போகிற நிலைமை.

நான் வீட்டுப் படம் வரைகிறவன். ஆபீசில் மொத்தம் மூன்று பேர்: முதலாளி, கணக்குப் பார்க்கும் அம்மாள், நான். கணினியில் படத்தை வரைந்து முடித்து, ஜன்னலோரம் நிற்கும் பெரிய அச்சு மெஷினுக்கு அனுப்புவேன். அது பாய் அகலக் காகிதத்தில் போட்டுத் தரும். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை. கடந்த ஆறு வாரமாகத்தான் சனி பிடித்தது. மதியம் அச்சுக்கு அனுப்பினால் போதும், திரை நீலமாக மாறி, ஏதோ நாலு வரி எழுதிக்காட்டிவிட்டுக் கணினி செத்துப்போகும். ஒரே வீட்டின் படம் மூன்று முறை போச்சு. அந்த வீட்டுக்காரர் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார்.

முதலாளிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீ ஏதோ நோண்டியிருக்கே. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற இடம் பார்த்துக்கோ."

"சார், சத்தியமா நான் எதையும் தொடலை சார்!"

அவர் சத்தமே ஆகாத மனுஷர். ஆபீசில் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. ஒருமுறை கோடு போட்டுக்கொண்டே நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துவிட்டேன். "இது ஆபீசா, கச்சேரி மேடையா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அன்றிலிருந்து நான் தும்முவதென்றாலும் வாசலுக்குப் போய்த்தான் தும்முவேன்.

வியாழக்கிழமை மதியம் அண்ணி வந்தார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் அண்ணியா நீங்க? அப்போ இவனைக் காப்பாத்தத்தானே பார்ப்பீங்க?"

"என் வீட்டுக்காரரையே நான் காப்பாத்தினது கிடையாது சார்," என்றார் அண்ணி.

பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னைப் பார்த்தார். "கடைசியா எதை மாத்தினே தம்பி?"

"நான் ஒண்ணுமே செய்யலை அண்ணி!"

"சரி," என்று இழுத்தார். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷின் ஒவ்வொரு முறை சாகும்போதும் ஒரு மரண வாக்குமூலம் எழுதி வைத்துவிட்டுத்தான் சாகுமாம். எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணி அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் ஒரே பெயர். "கணினியில எதைச் சொருகினாலும், அதோட பாஷையை மெஷினுக்குச் சொல்ல ஒரு சின்ன புரோகிராம் வேணும். டிரைவர்னு சொல்லுவோம். இது ஏதோ ஒரு மைக்கோட டிரைவர். ரொம்பப் பழசு. மைக்கைப் பிடுங்கினாலும், மெஷினை அணைக்கிற வரைக்கும் இது போகாம உள்ளேயே உட்கார்ந்திருக்கு. நீ அச்சு மெஷினைக் கூப்பிடுறப்போ, என்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு இதுவும் எழுந்து ஓடுது. ரெண்டும் முட்டிக்குது."

"மைக்கா? என்கிட்ட ஏது மைக்?"

அண்ணி வேறொரு பட்டியலைத் திறந்தார். அந்தக் கணினியில் இதுவரை யார் யார் என்னென்ன சொருகினார்கள் என்ற ஜாதகமே அதில் இருந்தது. இப்போது சொருகியிருப்பவை அழுத்தமான எழுத்தில், கழற்றிப் போனவை மங்கலாக. நான் என் பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினேன். அண்ணியின் விரல் ஒரு வரியில் கொஞ்சம் நின்றது. லேசாக இருமிவிட்டுக் கீழே போனார்.

"இதோ. பாட்டுப் பாடுற மைக். ஆறு வாரம் முன்னாடி முதல் தடவை, மதியம் ஒண்ணு இருபதுக்குப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறமும் பல தடவை, எல்லாம் ஒண்ணுலேருந்து ரெண்டுக்குள்ள."

ஒன்றிலிருந்து இரண்டு வரை எனக்குச் சாப்பாட்டு நேரம். கணக்கு அம்மாளும் நானும் வெளியே போய்விடுவோம். ஆபீசில் இருப்பது ஒரே ஒரு ஆள். நானும் அம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலாளி ஜன்னல் வழியே தெருவை வெகு அக்கறையாக ஆராய்ந்தார்.

சொல்லிவிடுங்கள் அண்ணி, மானத்தை வாங்குங்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதிப்பு. அண்ணியோ குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "சார், அந்த மைக்கை மறுபடி சொருகிப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். யாராவது இங்க மறந்து வெச்சுட்டுப் போயிருப்பாங்களோ?"

முதலாளி மென்று விழுங்கினார். "ஆங்... இருக்கலாம். வர்றவங்க போறவங்க எதையாவது விட்டுட்டுப் போவாங்க. பார்க்கிறேன்." அவர் அறைக்குள் மேஜை டிராயரைச் சாவி போட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. மைக்கை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மறந்து விட்டுப்போன சாமானுக்கு வெல்வெட் துணி!

அண்ணி அதைச் சொருகினார். "யாராவது ரெண்டு வரி பாடணும். தம்பி, நீ பாடு."

பாடினேன். என் குரலைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது. கணக்கு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். அண்ணி மட்டும் சலனமே இல்லாமல், "இன்னொரு தடவை, இன்னும் சத்தமா," என்றார்.

இரண்டாவது வரியில் முதலாளியால் தாங்க முடியவில்லை. "நிறுத்துய்யா! எங்கே ஆரம்பிச்சு எங்கே போறே? மைக்கை வாயில திணிக்காதே, நாலு விரல் தள்ளிப் பிடி. இப்படி!" என்று பிடுங்கினார். கண்ணை மூடினார். பாடினார்.

அட, நன்றாகவே பாடினார்! கணக்கு அம்மாள் காதிலிருந்து கையை எடுத்தார். நான் வாயைப் பிளந்து நின்றேன். பாட்டு மேலே மேலே ஏற, அண்ணி என் காதருகே குனிந்து, "இப்போ படத்தை அச்சுக்கு அனுப்பு," என்றார். அனுப்பினேன்.

திரை நீலமானது. முதலாளி பிடித்திருந்த உச்ச ஸ்வரத்தை ஸ்பீக்கர் அப்படியே கவ்விக்கொண்டு, "ஆஆஆஆஆ" என்று விடாமல் அலறியது. அவர் கண்ணைத் திறந்தபோது வாய் மூடியிருந்தது, ஆனால் அவர் குரல் மட்டும் ஆபீசெங்கும் பாடிக்கொண்டே இருந்தது. கையில் மைக், எதிரே நீலத் திரை, சுற்றி மூன்று ஜோடிக் கண்கள்.

அண்ணி மெஷினை அணைத்தார்.

முதலாளி வழிந்த அசட்டைத் துடைக்கக் கைக்குட்டை தேடினார். "வீட்டுல வாயைத் திறந்தா எல்லாரும் கதவைச் சாத்திக்கிறாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "இங்கதான் நல்ல ஸ்பீக்கர் இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஒண்ணும் இல்லை சார். பழைய டிரைவரைத் தூக்கிட்டுப் புதுசு போட்டா ரெண்டும் சேர்ந்து ஓடும்," என்றார் அண்ணி. அரை மணி நேரத்தில் போட்டும் கொடுத்தார். முதலாளி மறுபடி பாட, படம் ஒழுங்காக அச்சாகி வெளியே வந்தது. அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தவர், "வெள்ளிக்கிழமைன்னு சொன்னேனே, அதை மறந்துடு. தப்பு என் மேல," என்றார். நான்கு வருடத்தில் அவர் வாயால் அப்படியொரு வார்த்தை வந்ததில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நான் தரையில் நடக்கவில்லை. "பார்த்தீங்களா அண்ணி? நான் ஒண்ணுமே செய்யலைன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேனே! பழியை என் தலையில கட்டப் பார்த்தாரு!"

அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அந்தப் பட்டியல்ல இன்னொண்ணும் இருந்துச்சு. கேம் விளையாடுற கைப்பிடி. பதினொரு மாசமா தினம் நாலு மணிக்கு மேலே. முதலாளி வெளி வேலைக்குப் போற நேரமோ?"

எனக்குக் கால் நின்றுவிட்டது. "சொல்லவே இல்லையே அண்ணி..."

"அது மெஷினை நிறுத்தலை. மெஷின் ஏன் நிக்குதுன்னுதான் அவருக்குத் தெரியணும். வேற என்ன இருந்துச்சுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவர் கேட்கலை, பாட்டு ஞாபகத்துல இருந்தாரு." கையை நீட்டினார். "கொடு."

நான் ஒண்ணுமே செய்யலையே என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். தோளிலிருந்து பையை இறக்கி, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கையை விட்டேன்.