டி.வி.யில சாப்பிட்ட மீசைக்காரன்

உப்பு போடாம ரசம் கொதிச்சா வாசனையே வேற... வெந்நீர்ல புளியங்கொட்டைய ஊற வச்ச மாதிரி ஒரு மணம். எங்க ஆரியசாலை வீட்டுல ரெண்டு வருஷம் அந்த வாசனைதான்.

டி.வி. சமையல்காரங்கள்ல யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காதுன்னு இந்தக் குரூப்புல எல்லாரும் எழுதுறீங்க. எனக்கும் ரெண்டு பேர் உண்டு.

பிடிச்சது ஒரு மலையாளத்து அம்மா. ரெண்டாயிரம் பிறந்த புதுசு. செட்டுமுண்டு உடுத்து, முடிய இறுக்கிக் கட்டி, சனிக்கிழமை மத்தியானம் வருவாக. அதிர்ந்து ஒரு பேச்சு கிடையாது. செஞ்சு முடிச்சதும் மூடி வச்சிட்டு நம்மளைப் பாத்துக் கும்பிடுவாக, அவ்வளவுதான். ஒரு வாய் தின்னு காட்டினது இல்ல. சமைச்சவ முதல்ல திங்கக்கூடாதுன்னு எங்க அம்மா சொன்ன பழக்கம் அவுகளுக்கும் இருந்துச்சு.

பிடிக்காதவன் ஞாயித்துக்கிழமை மீசைக்காரன். சமைக்கிறது கொஞ்சம், திங்கிறது நிறைய. ஊர் ஊரா யாரு அடுப்படியிலயாவது போய் உக்காந்து, விரலை நக்கி, கண்ணை மூடி, "எந்தொரு ருசி"ன்னு தலைய ஆட்டுவான்.

எங்க வீட்டுக்காரருக்கு அப்போ கிட்னி கெட்டுப் போச்சு. பலசரக்கு மண்டியில நின்ன மனுஷன்... புளிய மோந்து பாத்தே எந்த ஊர்ச் சரக்குன்னு சொல்லுவாக. அவுகளுக்கு உப்பே கூடாதுன்னுட்டார் டாக்டர். நானும் இஞ்சி தட்டிப் போட்டேன், மிளகைக் கூட்டினேன். தட்டைப் பாப்பாக, என்னைப் பாப்பாக, நகத்தி வச்சிடுவாக. உடம்பு கரைஞ்சுகிட்டே வந்துச்சு.

என் கையால நாலு வாய் உள்ள இறங்கணும்... வேற ஒண்ணும் நான் சாமிகிட்ட கேக்கல.

ஒரு ஞாயித்துக்கிழமை அவன் மீன்குழம்பை ஊத்திப் பிசைஞ்சுகிட்டு இருந்தான். சீக்காளி முன்னால என்ன தீனின்னு எனக்கு ஆத்திரம். அணைக்க எந்திரிச்சேன்.

"அணைக்காதட்டி"ன்னாக. "அவன் எனக்கும் சேத்துல்லா திங்கான்."

நான் பக்கத்துல உக்காந்து சோத்தை உருட்டினேன். அவன் கை வாய்க்குப் போகும்போது என் கையும் போச்சு. இவுக வாயைத் திறந்தாக. கண்ணு டி.வி.யில... சோறு உள்ள போச்சு.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். அவன் பேச ஆரம்பிச்சா எங்க சோறும் நிக்கும். "பேசாமத் தின்னுல"ன்னு டி.வி.யைப் பாத்து ஏசுவேன். இவுக சிரிப்பாக.

சனிக்கிழமை அந்த அம்மா வரும்போதும் தட்டோட உக்காந்து பாத்தேன். நடக்கல. மத்த நாளும் தட்டை நகத்தி வைக்கிறதுதான்.

ஒருநாள் ஒரு வாய் வாங்கிட்டு, "நல்லாருக்கு"ன்னாக. அதையும் அவனைப் பாத்துத்தான் சொன்னாக. காலமெல்லாம் சமைச்சுப் போட்டவ நான், பக்கத்துல இருக்கேன்...

அடுத்த இடவப்பாதி மழைக்கு அவுக இல்ல.

இப்போ போனைத் திறந்தா எந்நேரமும் யாராவது தின்னுகிட்டே இருக்காக. வேணும்னா நிறுத்தலாம், திருப்பியும் வைக்கலாமாம். அந்த மீசைக்காரனும் வாரான், மீசை நரைச்சுப் போச்சு. பாத்ததும் தள்ளி விட்டுடுவேன்.

அவன் மேல உள்ள கோவம் எனக்கு இன்னும் ஆறல. எனக்கு வர வேண்டிய "நல்லாருக்கு" அவனுக்குப் போச்சேன்னு ஒண்ணு...

வாரத்துல ஒரு நாள்தானே வந்தான்னு இன்னொண்ணு.