எல்லா லோடையும் ஒரேயடியாக எடுத்தபோது

நான் வேலைக்குச் சேர்ந்ததும் செய்த முதல் சோதனையில் எங்கள் அடுப்படிச் சுவர் போய்விட்டது.

இடுக்கி மலையில் நான் பிறந்த தேயிலை எஸ்டேட்டிலேயே வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், டிப்ளமா படித்திருந்தேன். ஓடைத் தண்ணீரில் ஃபேக்டரிக்கு மின்சாரம் எடுக்கப் புது டர்பைன் வந்திருந்தது. மேலே தொட்டி, கீழே டர்பைன், நடுவில் நீளமான இரும்புக் குழாய். குழாயை ஒட்டிய சரிவில் தொழிலாளர் லயம், அதாவது வரிசை வீடுகள். அங்கேதான் எங்கள் வீடு.

ஃபேக்டரியை இணைக்கும் முன் பொய் லோடு கொடுத்துப் பார்ப்போம். பீப்பாயில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கரண்ட் ஓடும் இரும்புத் தகடுகளை இறக்கினால், ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் ரோலர்கள் ஓடுவதுபோலவே மெஷினுக்குப் பாரம் ஏறும். தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாரத்தைக் குறைத்தோம். மெஷின் சீராக ஓடியது.

எஞ்சினீயர் பாலக்காடு கல்பாத்திக்காரர். "மெஷின் பாஸ்! கேட்டியா, நாளைக்கே ஃபேக்டரிக்குக் கொடுத்துடலாம்," என்றார்.

"சார், இங்க ஒவ்வொரு மெஷினா நிறுத்த மாட்டாங்க. சங்கு ஊதுனா டீ குடிக்கிற அவசரத்துல மெயின் சுவிட்சையே இழுத்துருவாங்க."

"எல்லாம் ஒரேயடியாவா? தெனமுமா?"

"தெனமும் சார்."

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ அதையும் பாத்துடணும். எல்லாத் தகடையும் ஒண்ணா தூக்கு."

பாரம் சட்டென்று போனால், டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி தண்ணீரைச் சட்டென்று அடைக்கும். ஓடிவந்த தண்ணீர் குழாயையே முட்டும். புத்தகத்தில் படித்ததுதான். லயத்தைக் காலி செய்யாமல் தூக்க மாட்டேன் என்றேன்.

"பயந்தாங்கொள்ளி! சரி, போய்க் கூப்பிடு."

எல்லாரும் வந்தார்கள், அம்மாவைத் தவிர.

"ஏல, கொழம்பு கொதிக்கு. பரீட்சை ஒன் மெஷினுக்கா, எனக்கா?"

"எம்மா, கால்ல விழுதேன், வா."

திட்டிக்கொண்டே வந்தாள்.

தகடுகளைத் தூக்கினோம். மலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். குழாயின் இணைப்பு பிளந்து தண்ணீர் லயத்தின் மேல் பாய்ந்தது. எங்கள் அடுப்படிச் சுவர் சரிந்தது; குழம்புச் சட்டி தேயிலைச் செடிகளுக்குள் உருண்டது. எஞ்சினீயர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா செடிகளுக்குள் போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். பிறகு கேட்டாள்: "நாளைக்குச் சங்கு ஊதயில நான் அங்கதானல நின்னுருப்பேன்?"

கவர்னரை மெதுவாக அடைக்க வைத்து, குழாயில் அழுத்தம் ஏறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு பொருத்தி, மறுபடி சோதித்த பிறகே லயத்துக்கு ஆட்களை விட்டோம்.

புது மெஷினைச் சோதிக்கப் போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். அதை எப்படி நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அங்கே இருப்பவர்கள் எப்படி நிறுத்துவார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். நாம் கொடுக்கும் லோடுதான் பொய். தண்ணீர் பொய் இல்லை.