எம்ரிஸின் துப்பாக்கிக்கு ஒரு சான்று

பென்ரிவ் மலையில் ஆடு வளர்க்கும் எம்ரிஸ் பிரிச்சர்டும் பக்கத்துப் பண்ணை ஹவெலும் மாமன் மகன், அத்தை மகன் முறை. எம்ரிஸின் அம்மாவும் ஹவெலின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். எம்ரிஸுக்கு வாய்த்த நெஸ்டா கீழூர்க்காரி. போன குளிர்காலத்தில் அவள் காலமாகிவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை.

அதன்பிறகு எம்ரிஸ் வைத்தியசாலைப் பக்கமே தலைவைக்கவில்லை. மலைக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: தூக்கமில்லை என்று டாக்டரிடம் வாயைத் திறந்தால் துப்பாக்கியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். துப்பாக்கி இல்லாவிட்டால் ஆடு ஈனும் காலத்தில் குட்டிகள் நரிக்குத்தான். இருமலுக்குக்கூட அவர் போகாமல் இருந்தது அதனால்தான்.

ஆனால் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருஷம் வந்துவிட்டது. உடம்பும் மனசும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அதற்குக் காசு கட்ட வேண்டும். லாரி ஓட்டுபவருக்கான சோதனை, வெளிநாட்டுப் பயண ஊசி, துப்பாக்கிச் சான்று என்று வைத்தியசாலை வாசலிலேயே விலை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நெஸ்டாவின் தங்கை மகள் எலினெட் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வருஷமா எட்டிப் பாக்கல. துப்பாக்கின்னதும் வழி தெரிஞ்சுதா பெரியப்பா?"

"நோவுன்னு வந்தா இலவசம், நல்லா இருக்கேன்னு எழுதி வாங்கக் காசா? இது எந்த ஊரு நியாயம்?"

"நோவு தானா வருது. துப்பாக்கி தானாவா வந்துச்சு? எடுங்க காச."

உள்ளே டாக்டர் ரியானன், "தூக்கம் எப்படி?" என்றார்.

"நல்லாத்தான்."

"சாப்பாடு?"

"அதுவும்தான்."

டாக்டரம்மா எழுதவில்லை. எம்ரிஸின் இடுப்பு வாரையே பார்த்தார். கத்தி முனையால் குத்திய புது ஓட்டைகள் வரிசையாக இருந்தன. தொங்கிய வார் நுனி தொடைவரை வந்திருந்தது.

"நெஸ்டா இத விட்டுருப்பாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

ஒரு வருஷமாக அந்தப் பெயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நோகும் என்று ஊரே விழுங்கிவிட்டிருந்தது. எம்ரிஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"ராத்திரி ஆட்டப் பாக்க எந்திரிக்கிறேன். பாத்துட்டு வந்து துப்பாக்கிப் பெட்டிகிட்ட நிக்கிறேன் டாக்டரம்மா. எதுக்கு நிக்கிறேன்னு சொல்ல பயமா இருக்கு." மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேன். இனி துப்பாக்கி போச்சு."

டாக்டர் காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். "இப்ப நல்லா இருக்கீங்கன்னு நான் எழுத முடியாது. வைத்தியம் பாக்குறோம்னுதான் எழுதணும். தேறினதும் மறுபடி பேசலாம். துப்பாக்கி இன்னிக்கே வீட்ட விட்டுப் போகணும், எம்ரிஸ்."

"நரி வருமே."

"ஹவெல்கிட்ட உரிமம் இருக்குல்ல?"

"உரிமம் இருக்கு. குறிதான் கெடையாது."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு வெகுநேரம் பேசினார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எலினெட் யாரையும் உள்ளே விடவில்லை. எம்ரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் கட்டிய காசை அவள் திருப்பி நீட்டினாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க. நோவுக்குத்தான வந்தீங்க, நோவுக்கு இங்க காசில்ல. ஹவெல் மாமாவுக்கும் போன் போட்டாச்சு."

வெயில் தாழ்வதற்குள் ஹவெல் வந்து, துப்பாக்கியைத் தன் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

"இனி ஒன் நரியெல்லாம் என் பொறுப்பு மச்சான். கூலியா ஆட்டுக்கறி சூப்பு வச்சிரு."

"நீ சுடுற சூட்டுக்கு வெறுந்தண்ணி போதும்."

அந்தப் பருவம் முழுக்க அந்தியானால் ஹவெல் தன் துப்பாக்கியோடு வந்தார். முதல் நாளே மேட்டில் வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் நரி நிதானமாக வேலி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எம்ரிஸ் தலையில் அடித்துக்கொண்டு, அடுப்பில் சூப்பைச் சூடாக்கி, இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தார்.