மூச்சை முகர்ந்த பெட்டி

இரண்டு மாதமாக எனக்கு இருமல். பதுளை ஸ்பிரிங்வெளிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்கத் தூசு பறக்கும். கேட்டவர்களிடமெல்லாம் தூசு இருமல் என்றே சொல்லிவந்தேன். மனதுக்குள் இருந்தது வேறு. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒருவருக்கு டீபி, காசநோய் என்று தெரிந்தபோது, அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாதென்று என் மகளை அதட்டியவள் நான்.

அந்தச் சமயத்தில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. மூச்சை ஊதினால், அதன் வாசனையை வைத்தே நெஞ்சில் நோய் இருக்கிறதா என்று ஒரு கருவி சொல்லிவிடுமாம். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளலாம். மூச்சை எங்கே ஒளிப்பது?

“நான் வரலைங்க” என்றேன் கணவரிடம்.

அவர் தேயிலைக் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். காய்ச்சலென்று ஒருநாள் படுத்ததில்லை. “ஊதத்தானே சொல்றாங்க? வா புள்ள, ஒனக்கு முன்னாடி நான் ஊதிக் காட்டுறேன்” என்று அழைத்துப் போனார்.

மேசைமேல் ரேடியோ அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய். “நோய் இருந்தா மூச்சுல உள்ள வாயு மாறும். நம்ம மூக்குக்குத் தெரியாது, இந்த மின்மூக்குக்குத் தெரியும். ஆனா இது சொல்றதே முடிவில்ல, சளியும் எக்ஸ்ரேயும் பார்த்துத்தான் சொல்லணும்” என்றார் டாக்டரம்மா. என் கணவர் சிரித்துக்கொண்டே ஊதினார். என் முறை வந்தது. மூக்கில் கிளிப் மாட்டியதும் மூச்சு முட்டியது. பாதியில் இருமிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து ஊத வேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. அவர்தான் பேசினார். “சரிங்க... வாறேங்க” என்பது மட்டும் கேட்டது.

“என்னையத்தானே வரச் சொல்றாங்க?”

“இல்ல. என்னைய.”

எக்ஸ்ரேயும் சளியும் எடுக்கப் பதுளை கிளினிக்குக்குப் போனோம். இருமல் இருந்ததால் எனக்கும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவருடைய கோப்பையை நான் தனியே எடுத்து வைத்தேன். அவர் பார்த்தார். அடுத்த வேளை தானே கழுவி, தானே தனியாகக் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்தபோது பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஆனாலும் கோப்பையைப் பழைய இடத்தில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

டீபிதான். ஆரம்ப நிலை. ஆறு மாதம் விடாமல் மாத்திரை போட வேண்டும். எனக்குத் தூசால் வந்த வீசிங், மூச்சிரைப்பு மட்டும். இழுத்துக்கொள்ள ஒரு பம்ப் கொடுத்தார்கள். பத்து வயது மகளின் முன்கையில் ஓர் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். அந்த இடம் தடித்து வீங்கினால் கிருமி அவளுக்கும் தொற்றியிருக்கலாமாம்.

அந்த இரண்டு நாளைப்போல நான் எப்போதும் பயந்ததில்லை. அவள் சோறு சாப்பிடும்போதும் பாடம் எழுதும்போதும் கையை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

“அம்மா, நீங்க பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

அதன் பிறகு அவள் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பார்த்தேன். கிளினிக்கில் தாதி அந்த இடத்தை விரலால் தடவி, அளந்து, “ஒண்ணுமில்ல” என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“எழும்பு புள்ள, பஸ் போயிரும்” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறுபடி மூட்டை ஏற்றப் போகிறார். இருமாத மனிதருக்குள் நோய் இருந்ததை அந்தப் பெட்டி கண்டிராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று அவர் யோசிப்பதில்லை. நான் யோசிக்கிறேன். இப்போதும் அவர் தொண்டையைச் செருமினால், கைவேலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.